யூகி கஜியுரா: நுவாரிலிருந்து டீமன் ஸ்லேயர் வரை

#1 கீழ்ஸ்தாயி

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு நம் தியேட்டர்களுக்கு வந்ததிலிருந்து, “அந்த மியூசிக் யாருது?” என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பாடகிகளின் பெயர் உடனே பதிலாக வருகிறது. இசையமைத்தவர் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. அதனால் யூகி கஜியுராவுக்கென்று ஓர் இழை தொடங்குகிறேன்.

1965இல் தோக்கியோவில் பிறந்தவர். அப்பாவின் வேலை காரணமாகச் சின்ன வயதில் பல வருடங்கள் மேற்கு ஜெர்மனியில் வளர்ந்தார். அப்பாவுக்கு ஓபரா என்றால் உயிர். அவர் பாட, மகள் பியானோ வாசிப்பாராம். ஜப்பான் திரும்பி, படித்து முடித்து, கணினி மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே இசைக்குழு நடத்தினார். 1992இல் சியாகி இஷிகாவா, யுகிகோ நிஷியோகா இருவரோடும் சேர்ந்து அமைத்த ‘ஸீ-ஸா’ 1993இல் முதல் சிங்கிளை வெளியிட்டது. பெரிதாக ஓடவில்லை. நிஷியோகா எழுத்துத் துறைக்குப் போய்விட, 1995 வாக்கில் குழு நின்றுபோனது.

குழு நின்ற பிறகுதான் பின்னணி இசை வாய்ப்புகள் வந்தன. அவற்றில் ஒன்று 1997இல் வந்த ‘ஈட்-மேன்’. இயக்குநர் கோய்ச்சி மஷிமோ. நான்கு வருடம் கழித்து அதே மஷிமோ பீ ட்ரெயின் ஸ்டூடியோவில் ‘நுவார்’ எடுத்தபோது கஜியுராவைத்தான் அழைத்தார். அனிமே ரசிகர்கள் இவர் பெயரைத் தேட ஆரம்பித்தது அங்கேதான்.

டிவி அனிமேயில் இசை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் தயாராவதற்கு முன்பே ஒரு பட்டியல் வரும்: சோகத்துக்கு இத்தனை, சண்டைக்கு இத்தனை, சாதாரணக் காட்சிக்கு இத்தனை என்று. இசையமைப்பாளர் அத்தனை துண்டுகளையும் மொத்தமாகப் பதிவு செய்து கொடுத்துவிடுவார். எது எங்கே ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஒலி இயக்குநர். ஓபனிங், எண்டிங் பாடல்கள் தனிக் கணக்கு. அது இசை நிறுவனம் தன் பாடகரை முன்னே நிறுத்தும் இடம். பாட்டு, பின்னணி இரண்டுக்கும் ஒரே இசையமைப்பாளர் என்று பழகிய நமக்கு இது விநோதமாக இருக்கும். நுவாரிலேயே ஓபனிங் அலி ப்ராஜெக்ட், எண்டிங் அகினோ அராய்.

அந்தப் பிளவைக் கஜியுரா தாண்டிய விதம் அழகானது. ஓபனிங், எண்டிங் அவர் கையில் இல்லை. சரி, பின்னணி இசைக்குள்ளேயே பாட்டை வைத்துவிட்டார். நுவாரில் துப்பாக்கிச் சண்டை நடக்கும்போது ‘சால்வா நோஸ்’ வரும். லத்தீன் கோரஸ், கீழே எலெக்ட்ரானிக் பீட். சண்டைக் காட்சியில் ஒரு முழுப் பாடல் ஓடுகிறது. படம் அதற்கு வழிவிடுகிறது. மஷிமோ அதை அனுமதித்தார் என்பது முக்கியம். வேறு இயக்குநராக இருந்திருந்தால் சத்தத்தைக் குறைத்து வசனத்துக்கு அடியில் தள்ளியிருப்பார்.

என் கட்சி இதுதான்: பாட்டும் பின்னணியும் ஒரே உடம்பு என்பதை அனிமேயில் இவரைப் போல விடாப்பிடியாக நிரூபித்தவர்கள் மிகச் சிலர். இந்த முப்பது வருடமும் அந்தப் பிடிவாதத்தின் கதை என்றுதான் நான் பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதுங்கள்.

#2 நிலாமுற்றம்

நல்ல தொடக்கம். நான் ‘மடோகா மாஜிகா’ அனிமே தொடர் வழியாக வந்தவள்.

2011இல் அது வந்தபோது போஸ்டரைப் பார்த்தால் சிறுமிகளுக்கான மந்திரக் கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் கதை கென் உரோபுச்சி, இசை கஜியுரா என்று பார்த்ததுமே பழைய ரசிகர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தட்டியிருக்கும். இயக்குநர் அகியுகி ஷின்போவோடு அவர் 2004இலேயே ‘கோசெட்’ என்ற மூன்று பாக ஓவிஏவில் (நேரடியாக வீடியோவாக வெளியாகும் அனிமே) வேலை செய்திருக்கிறார். ஓவியமும் ரத்தமும் கண்ணாடிக் கோப்பையும் நிறைந்த கோதிக் கதை. மடோகாவின் மந்திரவாதினி உலகங்களுக்கு இப்படிப்பட்ட இசை வேண்டும் என்பதை ஷின்போ அங்கேயே கண்டுபிடித்திருப்பார் என்பது என் ஊகம்.

கிளாரிஸ் பாடிய ஓபனிங் ‘கனெக்ட்’ பளிச்சென்று இருக்கும். அது கஜியுரா எழுதியதல்ல. எண்டிங் ‘மேகியா’ அவர் எழுதி, காலஃபினா என்ற பாடகிகள் குழு பாடியது. ஒரே எபிசோடின் இரண்டு முனையிலும் இரண்டு வேறு உலகங்கள். தொடரின் உண்மை முகம் எண்டிங்கில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன ஓபனிங்/எண்டிங் பிளவு இந்த ஒரு தொடரில் கதைக்கே உதவிவிட்டது!

தொடரில் மாமி என்று ஒரு பெண் வருவாள். அவளுடைய தீம் ‘க்ரேடென்ஸ் ஜுஸ்டிடியாம்’ எத்தனை உற்சாகமாக இருக்கும், நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்த பிறகு அதைக் கேட்கவே முடியவில்லை எனக்கு.

#3 நாலுகட்டை குமரன்

மாற்றுக் கருத்து ஒன்று வைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பாட்டும் பின்னணியும் ஒன்று என்பதை யோகோ கன்னோ 1998இலேயே ‘கௌபாய் பீபாப்’பில் செய்துவிட்டார். ‘டேங்க்!’ ஓபனிங்கும் அவர், ஸ்கோரும் அவர். அதுவும் ஜாஸ், ப்ளூஸ், கன்ட்ரி என்று ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு வேஷம். கஜியுராவிடம் அந்த விரிவு எங்கே? வயலின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், அடியில் பீட், மேலே பெண்களின் கோரஸ். நுவார், மேட்லாக்ஸ், சுபாசா மூன்றையும் கலந்து போட்டால் எது எதிலிருந்து என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகும்.

திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்’ தீம் ‘ஸ்வோர்ட்லேண்ட்’ இன்றும் என் ப்ளேலிஸ்டில் இருக்கிறது. ஆனால் ஒரு தயாரிப்பாளரின் முப்பது வருடத்தை மதிப்பிடும்போது எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பதும் கேள்விதானே?

#4 கீழ்ஸ்தாயி

குமரன், நியாயமான கேள்வி. கன்னோ முன்னோடி என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இருவரின் நோக்கம் வேறு. கன்னோ ஒவ்வொரு தொடருக்கும் புதிய ஊரைக் கட்டுவார். கஜியுரா தனக்கென்று ஒரு மொழியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதையையும் அந்த மொழிக்குள் அழைக்கிறார். இது குறையா? நான் அப்படி நினைக்கவில்லை.

அதோடு, நீங்கள் சொல்லும் “வயலின், பீட், கோரஸ்” எல்லாம் பீ ட்ரெயின் காலம். அதற்கு வெளியே பாருங்கள். 2014இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடர் ‘ஹானாகோவும் ஆனும்’. கிராமம், பள்ளிக்கூடம், மொழிபெயர்ப்பாளராகப் போகும் ஒரு பெண்ணின் வாழ்க்கை. அந்த இசையில் வெளிச்சமும் காற்றும்தான் இருக்கிறது. 2017இல் ‘ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்: ஆர்டினல் ஸ்கேல்’ படத்தில் யூனா என்ற ஏஐ பாடகி வருவாள். குரல் சயாகா கண்டா. அவளுடைய ‘யுபிக்விடஸ் டிபி’ சுத்தமான ஐடல் பாப். எழுதியது கஜியுரா. பெயரை மறைத்துப் போட்டால் நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

#5 ஆல்ட்டோ செல்வி

கோரஸைப் பற்றி நான் கொஞ்சம் எழுதலாமா? சர்ச் கொயரில் பல வருடமாக ஆல்ட்டோ பாடுகிறவள் நான்.

கொயரில் ஆல்ட்டோவின் தலையெழுத்து, மெட்டு சோப்ரானோவுக்குப் போய்விடும், நாம் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். கஜியுராவின் பாட்டில் முதன்முதலாகக் கீழ்க்குரலுக்கு மரியாதை இருப்பதைக் கேட்டேன். காலஃபினாவில் வகானா மேலே, ஹிகாரு நடுவில், கெய்கோ கீழே. பல பாடல்களில் தொடக்கமே கெய்கோவின் அடிக்குரல்தான். மெட்டு ஒரு வரியில் கீழே இருக்கும், அடுத்த வரியில் நடுவுக்கு ஏறும், பல்லவியில் மூவரும் சேரும்போது எது மெட்டு, எது ஹார்மனி என்று பிரிக்கவே முடியாது. பாடிப் பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு குரலுக்கும் எழுதப்பட்ட வரி தனியாகப் பாடினாலும் அழகாகவே இருக்கும். நிரப்புவதற்காக எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

அடுத்தது சுருதி மாற்றம். பல்லவி வரும்போது எச்சரிக்கையே இல்லாமல் வேறு சுருதிக்குப் போய்விடுவார். வழக்கமான பாப் பாடலில் கடைசிப் பல்லவியை ஒரு படி ஏற்றுவார்கள், அது பழகிய தந்திரம். இவர் பாட்டின் நடுவிலேயே தரையை மாற்றுகிறார். முதல் தடவை தடுமாறும். பத்தாவது தடவை வேறு எப்படியும் போயிருக்க முடியாது என்று தோன்றும்.

அப்புறம் அந்த அர்த்தமில்லாத சொற்கள். ரசிகர்கள் ‘கஜியுரா மொழி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீன் மாதிரி இருக்கும், ஆனால் எந்த அகராதியிலும் கிடைக்காது. மெட்டு எழுதும்போதே அதற்கு எந்த உயிரெழுத்து, எந்த மெய் நன்றாக இருக்கும் என்று சேர்த்தே எழுதிவிடுகிறார். வாயைத் திறக்க வேண்டிய உச்ச ஸ்வரத்தில் எப்போதும் ‘ஆ’ அல்லது ‘ஓ’ இருக்கும். பாடுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று என்னால் சொல்லி மாளாது. மடோகாவின் ‘சிஸ் புவெல்லா மாஜிகா’வைக் கேட்டுப் பாருங்கள். தலைப்பு லத்தீன், உள்ளே இருப்பது அவருடைய சொற்கள். பொருள் இல்லாததால் வசனத்தோடு மோதாது. குரல் வயலினோடு சேர்ந்து இன்னொரு வாத்தியமாகிவிடுகிறது.

#6 புதுவரவு ஆதி

எல்லோருக்கும் வணக்கம். இன்ஃபினிட்டி காசில் பார்த்துவிட்டு இங்கே வந்தேன். டீமன் ஸ்லேயர் ஓபனிங் ‘குரெங்கே’ இவருடையதுதானே? 19ஆவது எபிசோடில் தான்ஜிரோ பாட்டு வரும்போது அழுதுவிட்டேன். இந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.

#7 கீழ்ஸ்தாயி

வாங்க ஆதி. இரண்டுமே வேறு ஆட்கள். ‘குரெங்கே’ மெட்டு கயோகோ குசானோ, வரிகள் அதைப் பாடிய லிஸாவே எழுதியது. 19ஆவது எபிசோடின் ‘கமாடோ தான்ஜிரோ நோ உதா’ கோ ஷீனாவின் இசை. டீமன் ஸ்லேயருக்கு கஜியுரா, ஷீனா இருவரும் சேர்ந்துதான் பின்னணி. ஷீனாவின் பெயரை மறந்துவிட்டு மொத்தப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பது சரியல்ல.

முதல் சீசன் எண்டிங் ‘ஃப்ரம் தி எட்ஜ்’ கஜியுரா. ‘முகென் ட்ரெயின்’ படத்தின் ‘ஹோமுரா’ கஜியுரா. வரிகளை லிஸாவோடு சேர்ந்து எழுதினார். 2020 அக்டோபரில் படம் வந்து, வருடம் முடிவதற்குள் ஜப்பானின் வசூல் சாதனையை முறியடித்தது. டிசம்பர் கடைசியில் ‘ஹோமுரா’ ஜப்பான் ரெக்கார்ட் விருதின் முதல் பரிசை வாங்கியது. பொண்டாட்டி பிள்ளை, பாட்டி தாத்தா எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்க்கும் விருது அது. அனிமே இசை என்று ஒதுக்கி வைத்த வட்டத்திலிருந்து ஒரு பாட்டு அங்கே போய் நின்றது. ஸீ-ஸாவின் முதல் சிங்கிளுக்கும் அந்த மேடைக்கும் நடுவே 27 வருடம்.

அந்தப் படத்தில் ரெங்கோகு என்ற வீரன் இறந்த பிறகு திரை கறுப்பானதும் அந்தப் பாட்டு தொடங்கும். ஊர் ஊராகத் தியேட்டரில் யாரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் காரணம் அதுதான். ஒரு துக்கத்தை முடித்து வைக்கிற வேலையைப் பாட்டிடம் ஒப்படைத்தார்கள். எண்டிங் பாட்டு என்பது விளம்பர இடம் என்று #1இல் சொன்னேன் இல்லையா? அது படத்தின் கடைசிக் காட்சியாகவே மாறிய இடம் இது.

#8 நிலாமுற்றம்

அந்த வழி டீமன் ஸ்லேயரில் பிறந்ததல்ல. அதே யூஃபோடேபிள் ஸ்டூடியோவோடு கஜியுரா செய்த ‘கரா நோ க்யோகாய்’ படங்களிலேயே தொடங்கிவிட்டது. 2007 டிசம்பர் முதல் 2009 வரை ஏழு படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்டிங் பாட்டு. அதற்காகவே காலஃபினாவை உருவாக்கினார். 2008 ஜனவரியில் வந்த ‘ஒப்லிவியஸ்’தான் முதல் சிங்கிள்.

படத்தைப் பார்த்துப் பார்த்துக் காட்சிக்கு ஏற்ப எழுதிய இசை அது. ஆல்பத்தில் ட்ராக்குகளுக்குத் தலைப்பே இருக்காது, ‘எம்01’ என்று வரிசை எண் மட்டும். ஆனால் படம் முழுக்க அங்கங்கே சிதறிக் கிடந்த சின்னச் சின்ன இசைத் துணுக்குகள் கடைசியில் எண்டிங் பாட்டில் ஒன்றாகச் சேரும். நாம் படம் நெடுக அந்தப் பாட்டைத் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்திருப்போம். கீழ்ஸ்தாயி சொல்லும் “ஒரே உடம்பு” இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

#9 நாலுகட்டை குமரன்

காலஃபினாவைப் பற்றிப் பேசினால் முடிவைப் பற்றியும் பேச வேண்டும். ரசிகர்கள் இதை எப்போதும் தவிர்க்கிறார்கள்.

2018 ஜனவரி 23, தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பத்தாவது ஆண்டு நிகழ்ச்சி. அடுத்த மாதமே கஜியுரா தன் ஏஜென்சியை விட்டு விலகினார். ஏப்ரலில் கெய்கோ விலகினார். 2019 மார்ச்சில் குழு கலைந்ததாக அறிவிப்பு. மெட்டு, வரி, அரேஞ்ச்மென்ட், குரல் பகிர்வு எல்லாமே ஒரே ஆள் கையில் இருந்தால், அந்த ஆள் போனதும் மிச்சமிருப்பவர்கள் என்ன பாடுவார்கள்? தயாரிப்பாளர் மைய முறையின் பலவீனம் இது. மூன்று அருமையான பாடகிகள் பத்து வருடம் உழைத்தார்கள், ஆனால் குழுவின் இசை அடையாளம் அவர்களிடம் இல்லை.

#10 ஆல்ட்டோ செல்வி

குமரன் சொல்வதில் வலி இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. ஆனால் குரல்களை மறைத்து வைத்த தயாரிப்பாளர் அல்ல கஜியுரா. பல பாடகிகளோடு அவர் நடத்தும் ‘ஃபிக்‌ஷன் ஜங்ஷன்’ அமைப்பையே பாருங்கள். ஒவ்வொரு பாடகியின் பெயரையும் குழுப் பெயரோடு சேர்த்துத்தான் சிங்கிள் வெளிவரும். யூக்கா நான்ரியோடு செய்த ‘அகாட்சுகி நோ குருமா’ அப்படி வந்ததுதான். மேடையிலும் அதே. கிட்டார் கோய்ச்சி கொரேனாகா, வயலின் ஹிதோஷி கொன்னோ, புல்லாங்குழல் ரியே அகாகி என்று பல வருடமாக அதே கலைஞர்கள். கஜியுரா ஓரமாகக் கீபோர்டில் இருப்பார். நடுவில் பாடகிகள்தான்.

கெய்கோ பின்னால் தனிப் பாடகியாகத் திரும்பினார், கஜியுராவின் மேடைக்கும் திரும்பினார். 2023இல் வந்த ‘பரேட்’ ஆல்பத்தில் அவர் குரல் இருக்கிறது. 2025 ஜனவரியில் காலஃபினா மூவரும் சேர்ந்து மறுபடி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். நடுவில் போன வருடங்கள் போனதுதான். அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

#11 கீழ்ஸ்தாயி

குமரனின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒப்பந்தம், ஏஜென்சி, உரிமை எல்லாம் கலந்த விஷயம். உள்ளே நடந்தது தெரியாமல் யாரையும் குற்றவாளியாக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். குழு போன அதே காலத்தில் அவருடைய எழுத்து இன்னும் கூர்மையானது. ‘ஃபேட்: ஹெவன்ஸ் ஃபீல்’ மூன்று படங்கள், 2017 முதல் 2020 வரை. மூன்றுக்கும் பாடியது பாடகி எமே, எழுதியது கஜியுரா. மூன்று பாட்டிலும் பேசுகிறவள் படங்களின் நாயகி சகுரா என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் படத்தின் ‘ஹானா நோ உதா’வில் தன்னை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறாள். இரண்டாவது ‘ஐ பெக் யூ’வில் தாளம் ஆட்டம் போடுகிறது, குரல் கெஞ்சுகிறதா மிரட்டுகிறதா என்று தெரியவில்லை. படத்தில் அவள் உடைந்துபோகும் இடம் அது. மூன்றாவது ‘ஹாரு வா யுகு’வில் எல்லாம் அடங்கி, குற்றத்தைச் சுமந்துகொண்டு வாழ ஒப்புக்கொள்கிறாள்.

திரையில் சகுரா அதிகம் பேசமாட்டாள். அவள் சொல்லாததையெல்லாம் படம் முடிந்த பிறகு பாட்டு சொல்கிறது. கதாபாத்திரத்துக்குள் இவ்வளவு ஆழமாகப் போய் எழுத, கதையின் பின்னணி இசையையும் அதே ஆள் எழுதியிருக்க வேண்டும். வெளியிலிருந்து கூப்பிட்ட ஒரு பாப் எழுத்தாளரால் முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

#12 நாலுகட்டை குமரன்

‘ஐ பெக் யூ’ விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அது பெரிய பாட்டு. ஆனால் கடைசி வரியில் கொஞ்சம் மிகை. ‘ஃபேட்/ஸீரோ’வில் லிஸா பாடிய ‘ஓத் சைன்’ கஜியுரா எழுதியதல்ல, ஷோ வதனாபே எழுதியது. அந்தத் தொடருக்கு அது கச்சிதமாகப் பொருந்தவில்லையா? வெளியாள் எழுதினாலும் கதைக்குள் போக முடியும்.

#13 கீழ்ஸ்தாயி

பொருந்தும், அருமையான ஓபனிங். ஆனால் அதே தொடரின் இரண்டாம் பாதியில் வரும் ‘டு தி பிகினிங்’கையும், ஹாருனா லூனா பாடிய எண்டிங்கையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் கஜியுரா. ‘ஓத் சைன்’ தொடரை அறிமுகம் செய்கிறது. இவை தொடருக்குள்ளிருந்து வருகின்றன. அந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். நீங்கள் உடன்படாவிட்டாலும் பரவாயில்லை.

#14 புதுவரவு ஆதி

தலை சுத்துது, ஆனா நல்லா இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? இன்ஃபினிட்டி காசிலில் எது எது அவருடையது என்றும் சொல்லுங்கள்.

#15 நிலாமுற்றம்

இன்ஃபினிட்டி காசிலில் எமே பாடும் பாட்டும், லிஸா பாடும் பாட்டும் இரண்டுமே கஜியுரா. பின்னணி வழக்கம்போல ஷீனாவோடு சேர்ந்து.

ஆரம்பிக்க என் யோசனை: ‘ஹோமுரா’ ஏற்கெனவே தெரியும், அதனால் அடுத்து ‘ஒப்லிவியஸ்’. பிடித்தால் காலஃபினாவின் முதல் ஆல்பம் ‘செவன்த் ஹெவன்’ முழுதும். அதற்குப் பிறகு மடோகா தொடரைப் பாருங்கள், இசையை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். நுவாரைக் கடைசியாக வையுங்கள், அதன் வேகம் இன்றைய கண்ணுக்கு மெதுவாகத் தெரியும்.

இன்னொன்று, ஸீ-ஸாவை மறக்க வேண்டாம். 2002இல் ‘கண்டம் ஸீட்’ எண்டிங் ‘அன்னா நி இஷோ தத்தா நோ நி’ மூலம்தான், மறுபடி சேர்ந்திருந்த அந்தக் குழுவுக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. 2024 ஜனவரியில் ‘கண்டம் ஸீட் ஃப்ரீடம்’ படத்தின் முடிவில் கஜியுராவும் இஷிகாவாவும் மறுபடி அதே பெயரில் ஒரு புதுப் பாட்டோடு வந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இஷிகாவாவின் குரல் கனத்திருக்கிறது. கஜியுரா அந்தக் கனத்துக்கு ஏற்றபடிதான் எழுதியிருக்கிறார், பழைய உயரத்துக்கு இழுக்கவில்லை.

#16 ஆல்ட்டோ செல்வி

ஆதி, ஒரு சின்ன வேண்டுகோள். எதைக் கேட்டாலும் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கெய்கோவின் கீழ்க்குரல் காணாமல் போய்விடும், அப்புறம் பாதிப் பாட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ‘செவன்த் ஹெவன்’ முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள், எந்தப் பாட்டில் நின்றீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.